நாகூர்கனியின் மீசான் கல்

பெருநாள் தொழுகை முடிந்ததும் காசிமும் அவன் தம்பி அப்ராரும் வாப்பாவின் கபுரைப் பார்த்துவிட்டு வருவார்கள். பார்த்துவிட்டு என்று சொல்வது மரியாதைக்காக. அவர்கள் போவது கபர்ஸ்தான் என்கிற அடக்க நிலத்தின் கேட்டு வரைக்கும்தான். உள்ளே சேறு, காலில் புதுச் செருப்பு. மழையே இல்லாத மாதத்தில் பெருநாள் வந்தாலும் சேறு என்றே சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே நின்று கையேந்தி பாத்திஹா ஓதுவார்கள். உம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ரோஜா இதழ்ப் பொட்டலத்தைக் கம்பிக்கு நடுவில் செருகுவார்கள். ஆடு ஒன்று அதற்கென்றே அங்கே காத்திருக்கும். பிறகு தொண்ணூறடி ரோட்டில் ஆளுக்கொரு கட்டிங் சாயா குடித்துவிட்டு, தாராவியில் பட்டறைக்கு மேலே இருக்கும் அறைக்கு ஏணி ஏறிப் போவார்கள். அங்கே கட்டிலில் மெஹராஜ் காத்திருப்பாள்.

"வாப்பா எடம்லாம் எப்பிடிலே இருக்கு?"

"ஜம்முனு இருக்கு உம்மா," என்பான் காசிம்.

"கம்பிக்குப் பெயிண்டு அடிச்சாச்சா?"

"பச்சைப் பெயிண்டு. பளபளன்னு நிக்கி," என்பான் அப்ரார்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்பது இவர்கள் வழக்கம். மற்ற எந்த வழக்கத்தையும் இந்த அண்ணன் தம்பி இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதில்லை. போய்ப் பார்க்கமாட்டாள் என்று தெரிந்தவளிடம் பெயிண்டுக்கு என்ன நிறம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த இடம் சும்மா வந்ததல்ல. இவர்களுடைய அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, மேலப்பாளையத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பதனிடும் கிட்டங்கியில் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று, பின்னால் சொந்தமாக ஒரு கிட்டங்கி வைத்தவர். கபர்ஸ்தானின் கிழக்கு மூலையில் தன் குடும்பத்துக்கென்று கொஞ்சம் இடம் வாங்கி, இடுப்புயரச் சுவர் கட்டி, மேலே இரும்புக் கம்பி நிறுத்தினார். அப்படிக் கட்டிய குடும்ப இடத்தை பம்பாயில் ஓட்டா என்பார்கள். அவரும், அவர் மனைவியும், குறைப்பிரசவத்தில் போன குழந்தைகளும், கடைசியாக அவர் மகன் நாகூர்கனியும் அதற்குள்தான் அடக்கம். ஒவ்வொரு தலைமாட்டிலும் வெள்ளைச் சலவைக் கல்லில் தமிழில் பேர் வெட்டி மீசான் கல் நட்டிருந்தது. நாகூர்கனியின் மனைவிதான் மெஹராஜ். அவர் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அது அவளுக்கு.

கிட்டங்கிகளை ஊருக்கு வெளியே துரத்திய பிறகு மிஞ்சியது இந்தப் பட்டறை. கீழே காசிமின் பை வேலை, மேலே உம்மாவின் கட்டில். அப்ரார் செம்பூரில் லிப்டு வைத்த கட்டடத்தில் இருக்கிறான். அண்ணன் தைக்கும் பையை வாங்கி, அதில் இத்தாலிப் பேர் ஒன்றை அடித்து விற்பது அவன் தொழில். நடுவில் பிறந்தவள் ருக்சானா. புருஷனைக் கொரோனாவில் பறிகொடுத்தவள். ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ் பிடித்து வந்து, உம்மாவைக் குளிப்பாட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டு, கீழே இறங்கி அண்ணன் பட்டறையில் வேலைக்கு உட்காருவாள். தோல் விளிம்பைக் கத்தியால் சீவி, சொல்யூஷன் பசை தடவி, மடித்து, கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டவேண்டும். தட்டு சீராக விழாவிட்டால் மடிப்பு வாயைத் திறந்துகொள்ளும். ருக்சானாவின் மடிப்பு திறந்ததே இல்லை. அதற்காக அவளை யாரும் பாராட்டியதும் இல்லை.

ஆடி மழை இந்த வருஷம் கூரைக்கு மேல் போட்ட தாட்பத்திரி என்கிற தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. உம்மாவின் கட்டிலுக்கு ஒரு பக்கம் பாத்திரம், கால்மாட்டில் பக்கெட்டு. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மெஹராஜுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஒங்க வாப்பா பக்கத்துல என்னைய வச்சிருங்க. அது போதும்."

அந்த வாரம்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கமிட்டி அறிவிப்பு வந்தது. கபர்ஸ்தானில் இடம் இல்லை. பராமரிப்பு இல்லாத ஓட்டாக்களைப் பொது இடத்தோடு சேர்க்கப் போகிறார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் நேரில் வந்து, பழைய மீசான் கல்லைக் காட்ட வேண்டும். ஒரு கல் இருந்தாலும் ஓட்டா குடும்பத்துக்கு. கல் இல்லையென்றால் பொது. புதுக் கல் செல்லாது. போன தடவை புதுக் கல்லை நட்டு அடுத்தவன் இடத்தை அமுக்கியவர்கள் உண்டு.

பொது இடம் என்றால், வைத்த இடத்திலேயே கொஞ்ச காலம் கழித்து இன்னொருவரை வைப்பார்கள். மெஹராஜ் ஓரிடம், நாகூர்கனி இருந்த இடத்தில் யாரோ.

அப்ரார் அன்றைக்கே செம்பூரிலிருந்து காரில் வந்தான். அண்ணனும் தம்பியும் ரொம்ப காலத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்டைத் தாண்டினார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். ஓட்டாவில் ஒரு கல்கூட இல்லை. அப்ரார் வாசலிலேயே போனைத் தூக்கிப் பிடித்து, தன் முகமும் பின்னால் குப்பையும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, மேலப்பாளையம் குரூப், லெதர் குரூப், ஸ்கூல் குரூப் எல்லாவற்றுக்கும் அனுப்பினான். முன்னோர்களின் கபுரைக் கர்துல்லாக்கள், அதாவது போதைக்காரப் பயல்கள், நாசம் பண்ணிவிட்டார்கள், கமிட்டி தூங்குகிறது என்று அதில் குரல் தழுதழுத்தது. கைகூப்பும் படங்களும் அழுகிற படங்களும் வந்து குவிந்தன. பட்டறையில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"தேக்கோ காக்கா, துபாய்லேருந்துகூட ரிப்ளை வருது," என்று போனை அண்ணனிடம் நீட்டினான்.

"கல்லு வருமாடே?" என்றாள் ருக்சானா, கையில் சுத்தியலோடு.

"லாத்தா, டென்ஷன் ஆகாதீங்க. நான் பெரிய லெவல்ல பேசுதேன். கிரானைட்டுல ஆர்டர் பண்ணிருவோம். லேசர் கட்டிங்."

"புதுக் கல்லு செல்லாதுன்னு சொல்லிட்டாங்கல்லா."

"அதான் பேசுதேன்னு சொல்லுதேன்லா?"

"பச்சைப் பெயிண்டு அடிச்ச கம்பியாவது இருந்துச்சா?"

அப்ரார் போனைப் பார்த்தான். காசிம் நூலை ஊசியில் கோக்க ஆரம்பித்தான். அவனுக்கு வெற்றிலை போடுவதும் நூல் கோப்பதும் பேச்சு வேண்டாம் என்பதற்கான அடையாளம்.

மறுநாள் ருக்சானா நேராக வேலைக்கு வரவில்லை. ஆண்டாப் ஹில்லில் பஸ் ஏறி, கபர்ஸ்தான் ஸ்டாப்பில் இறங்கி, கேட்டுக்குள் போனாள். கமிட்டி செக்ரட்டரி பீர் என்பவர் ஆபீஸ் வாசலில் வடா பாவ் தின்றுகொண்டிருந்தார். வாய் நிறைய இருந்ததால் கையை ஆட்டித் தடுத்தார்.

"பொம்பளைய உள்ள வரப்பிடாதும்மா."

"ஆம்பளைய வந்து என்ன கிழிச்சிருக்காங்கன்னு பாத்துட்டுப் போயிருதேன்."

"நான் செக்ரட்டரி சொல்லுதேன்."

"சொல்லுங்க. நடந்துக்கிட்டே கேட்டுக்கிடுதேன்."

கிழக்கு மூலையில் இருந்தது ஓட்டா என்று சொன்னால்தான் தெரியும். கம்பியை ஆக்ஸா பிளேடால் அடியோடு அறுத்திருந்தார்கள்; சுவரின்மேல் வரிசையாக இரும்புக் குச்சிகள் விரற்கடை நீளத்துக்கு நின்றன. உள்ளே குட்கா பாக்கெட், சாராயப் பாட்டில், யாரோ கொட்டிய கட்டடக் கழிவு. சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டி, பக்கத்துச் சால் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். கல் பிடுங்கிய குழிகளில் மழைத் தண்ணீர். வாப்பாவின் தலைமாடு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கர்துல்லா செய்த நாசம் ஒரு பங்கு என்றால் வராமல் இருந்தவர்கள் செய்தது மீதி எல்லாம். அறுக்கிற சத்தம் ஒரு நாளில் முடிகிற சத்தமா? ஒரே ஒரு பெருநாளுக்கு உள்ளே வந்திருந்தால் பாதிக் கம்பியாவது மிஞ்சியிருக்கும்.

திரும்பி வந்தபோது பீர் கை கழுவியிருந்தார்.

"கல்லெல்லாம் எங்கன போவும் மாமா?"

"எங்கன போவும்? பங்காருக்குத்தான், பழைய சாமான் கடைக்கு. அங்கேருந்து பட்டறைக்கு. சலவைக் கல்லு மாதிரி தோலு தட்டுறதுக்கு வேற வாட்டமான கல்லு உண்டா? தாராவில பாதிப் பட்டறை மீசான் கல்லுலதான் ஓடுது." அதை ஏதோ பொதுஅறிவு போலச் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் ஏறினார். ஏறுவதற்கு ஒரு படி. வெள்ளைப் படி. செருப்புத் தேய்ந்து தேய்ந்து அதில் வெட்டியிருந்த எழுத்து மங்கியிருந்தது.

பஸ்ஸில் கண்டக்டரிடம் பாஸைக் காட்ட ருக்சானா பர்ஸைத் திறந்தாள். அவள் விரல் பர்ஸின் மூடியில் உள்பக்கம் இருந்த தழும்பில் பட்டது. தினமும் படுகிற தழும்புதான். கொரோனாவுக்கு மறு வருஷம், அவள் வேலைக்கு வந்த புதிதில், தாதர் கடைக்காரன் ஒரு லாட் பர்ஸை அப்படியே திருப்பி அனுப்பினான். மூடித் தோலில் எல்லாம் மேடு மேடாகத் தழும்பு இருக்கிறது என்று. காசிம் அப்போதுதான் புதிதாக ஒரு கல் வாங்கிப் போட்டிருந்தான். லாட் திரும்பி வந்த அன்றைக்கே கல்லைப் புரட்டிப் போட்டான். அதற்குப் பிறகு தழும்பு விழவில்லை. கழித்த பர்ஸில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். மாட்டுக்கு முள் கீறிய தழும்பு என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். இப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். இடவலம் மாறிய ஒரு கொம்பு. அதன் பக்கத்தில் ஒரு சுழி. மாட்டின்மேல் தமிழில் கீறுகிற முள் எதுவும் இல்லை.

பட்டறையில் காசிம் சாயாவை ஊதிக்கொண்டிருந்தான்.

"காக்கா, இந்தக் கல்லு எங்கன வாங்குனீங்க?"

"பங்கார்ல. எதுக்கு?"

"அடியில என்ன எழுதிருக்கு?"

"என்னமோ எழுதிருக்கு. எல்லாக் கல்லுலயுந்தான் இருக்கும். இந்த லைன்ல எந்தப் பட்டறைல வேணா போயிப் பெரட்டிப் பாரு."

"நீங்க படிச்சுப் பாக்கலியா?"

"வேலை நேரத்துல கல்லப் படிச்சுக்கிட்டா இருப்பாங்க?" காசிம் ஒரு மிடறு குடித்தான். "வேற எவன் வாப்பாவோன்னு நெனச்சேன்."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. ருக்சானா தோல் சீவும் மேசைமேல் கிடந்த மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்துக் கல்லைத் தூக்கினாள்.

"ஏளா, தூக்காத. இடுப்பு போயிரும்."

கல் புரண்டு விழுந்தது. எழுத்துக் குழிகளில் காய்ந்த சொல்யூஷன் மஞ்சளாக அடைத்திருந்தது. அவள் கத்தி முனையால் சுரண்டினாள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் படித்த தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. மேலப்பாளையம் ம. நாகூர்கனி.

காசிம் டம்ளரைக் கீழே வைத்தான். கல்லின் பக்கம் குனிந்தான். அழப்போகிறான் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

"அப்ராருக்குச் சொல்லாத," என்றான். "வீடியோ போட்டுட்டான்."

ருக்சானா ஏணி ஏறி மேலே போனாள். உம்மாவிடம் மறைக்க அவளுக்குத் தெரியாது. மறைக்கிற வேலையைத்தான் அண்ணன் தம்பி எடுத்துக்கொண்டிருந்தார்களே. கம்பி போனது, கல் போனது, துணி காயப்போடுவது எல்லாம் சொன்னாள். கல் கிடைத்த இடத்தையும் சொன்னாள். மெஹராஜ் கூரையிலிருந்து பாத்திரத்தில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கீழ டொக்கு டொக்குன்னு கேக்குமே. அதா?"

"அதான் உம்மா."

"நீ தட்டுறது?"

"நாந்தான்."

"அது கேட்டாத்தான் எனக்கு ஒறக்கமே வரும். வேலை நடக்கு, புள்ளைய சாப்பிடுதுன்னு கெடந்தேன்." மெஹராஜ் கண்ணை மூடிக்கொண்டாள். ருக்சானா அவள் காலைப் பிடித்துவிட்டாள். உம்மா திரும்பப் பேசியபோது குரலில் பழைய காரம் வந்திருந்தது. "பச்சைப் பெயிண்டு அடிச்சானாம்லா பேதில போவான். சரி, கல்லு இருக்குல்லா. கொண்டு போயி நடு. எனக்கு அவரு பக்கத்துல எடம் வேணும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. எந் தலைமாட்டுல கல்லு வைக்கப்பிடாது. வச்சா அடுத்த கல்லு ஒங்காக்காவுக்கு ஆச்சு."

சனிக்கிழமை அப்ரார் வந்தான். காசிமே சொல்லிவிட்டிருந்தான். கல்லைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள். அப்ராருக்குத் தமிழ் படிக்க வராது. எது வாப்பா பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"இதக் கொண்டு போனா எங்க கெடந்துச்சுன்னு கேப்பாங்க லாத்தா."

"கேட்டா சொல்லுவோம்."

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா ஒங்களுக்கு? நான் வீடியோல என்ன பேசிருக்கேன் தெரியும்லா? எல்லா குரூப்புலயும் போயிட்டு. நம்ம பட்டறைலயே இருந்துச்சுன்னா மார்க்கெட்டுல மூஞ்சி காட்ட முடியுமா? இமேஜுன்னு ஒண்ணு இருக்கு."

"உம்மாவுக்கு எடம்னு ஒண்ணு இருக்கு."

"பொது எடத்துல வச்சா உம்மாவுக்கு துவா போய்ச் சேராதா? மண்ணு எல்லாம் ஒரே மண்ணுதான். மார்க்கத்துலயே கபுரைக் கட்டப்பிடாதுன்னுதான் இருக்கு," என்றான் காசிம். ஐந்து வேளைத் தொழுகையில் நாலை விடுகிறவனுக்கு மார்க்கம் இந்த ஒரு மத்தியானம் நன்றாக ஞாபகம் வந்தது. தம்பி உடனே தலையாட்டினான். இருவரும் எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை இந்தக் கல்ல ஒடச்சு காடி ஓடைல போட்டுருவோம்," என்றான் அப்ரார். "காக்காவுக்கு நான் நல்ல கிரானைட்டா வாங்கித் தாரேன்."

ருக்சானா ஒரு சணல் சாக்கை மடித்து மேசைக்கு அடியில் வைத்தாள். பட்டறைச் சாவி அவளிடமும் ஒன்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. தளவாய் கைவண்டி இழுக்கிறவன், திசையன்விளைப் பக்கத்துக்காரன், பட்டறைகளுக்குத் தோல் கட்டு கொண்டுவந்து போடுவான். அவனும் அவளுமாகக் கல்லைச் சணல் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

"யாரு கல்லுக்கா?"

"எங்க வாப்பாது."

"இங்கனயா இருந்தாரு?"

"இங்கனதான் இருந்தாரு."

"நல்லது. நான் எத்தனை தடவை இதும்மேல தோலு எறக்கியிருக்கேன்," என்றான் தளவாய். துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, பாதாளச் சாக்கடை மூடி திறந்து கிடந்த இடங்களில் எல்லாம் வண்டியைப் பார்த்துப் பார்த்து ஒடித்தான். பின்னால் அவள் தள்ளினாள்.

கமிட்டிக்காரர்கள் தாட்பத்திரிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி ஓட்டாக்காரக் குடும்பங்களின் ஆண்கள். பெரும்பாலும் தோல் தொழில்காரர்கள். கிரானைட்டுக்கு அனுமதி கேட்டு அப்ரார் பேசிக்கொண்டிருந்தான், காசிம் பக்கத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். கைவண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் அப்ராரின் பேச்சு நின்றது. தளவாய் சாக்கை உருவினான். பீர் குனிந்து பேரைப் படித்தார்.

"நாகூர்கனி கல்லுதான். எங்கன கெடந்துச்சு?"

"நாங்கதான் ட்ரேஸ் பண்ணி மீட்டு..." என்று அப்ரார் ஆரம்பித்தான்.

"எங்க பட்டறைல," என்றாள் ருக்சானா. "காக்கா வாங்கிப் போட்டாங்க. நான் இதும்மேல வச்சுத்தான் தோலு தட்டிக்கிட்டிருந்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணியம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் அவனவன் பட்டறையில் குப்புறக் கிடக்கும் கல் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஒருவன் வானத்தைப் பார்த்தான். ஒருவனுக்குப் போன் வந்தது; மணி அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.

"சரி சரி, கல்லு வந்துட்டுல்லா," என்றார் பீர் அவசரமாக. "ஓட்டா ஒங்களுக்குத்தான். நடுங்க. அடுத்த ஆளு யாரு?"

"ஒங்க வாசப்படிய எப்பம் பெரட்டுவீங்க மாமா?"

பீர் காது கேட்காதவர் ஆனார்.

வாப்பாவின் தலைமாடு எது என்று காசிமுக்கும் தெரியவில்லை, அப்ராருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். மெஹராஜுக்கென்று விட்டிருந்த இடத்தில் மட்டும் கல் பிடுங்கிய குழி இல்லை. அதை வைத்து ருக்சானா அதற்கடுத்த குழியில் கல்லை நடச் சொன்னாள். தளவாய்தான் மண்ணை மிதித்து இறுக்கினான். அப்ராரின் செருப்பு புதுசு.

மெஹராஜ் அடுத்த பிறை பார்க்கவில்லை. நாகூர்கனிக்குப் பக்கத்தில் அவளை வைத்தார்கள். உம்மாவைக் கிடத்திய சந்தூக்கின் முன் கால் இரண்டையும் மகன்கள்தான் பிடித்தார்கள், யாரும் அவர்களைத் தடுக்க முடியாது. அப்ரார் அன்றைக்கே எல்லா குரூப்பிலும் போட்டான். மீட்டெடுத்த குடும்ப இடத்தில் எங்கள் உம்மா என்று. கிரானைட் பேச்சை எடுத்தபோது மட்டும் ருக்சானா உம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் அண்ணன் தம்பி இரண்டு பேர் முன்னாலும் சொன்னாள். அதற்குப் பிறகு கல் பேச்சு வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து அவள் பட்டறைக்கு வந்தபோது, மேசைக்கு முன்னால் வேறொரு கல் கிடந்தது. வெள்ளைக் கல். முந்தியதைவிடக் கொஞ்சம் அகலம். அதன்மேல் மடிக்க வேண்டிய கைப்பிடிகள் கட்டாக வைத்திருந்தன. காசிம் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

"கிரானைட்டு வாங்கித் தாரேன்னானே தம்பி?"

"சொன்னான். இது அர்ஜெண்டு ஆர்டருளா. பங்கார்ல கெடந்துச்சு."

ருக்சானா கைப்பிடிக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். மரக்கட்டையைக் கொடுத்து நெம்பினாள். கல் புரண்டது. இந்தத் தடவை காசிம் இடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"பத்தமடை செ. மீராம்பீவி."

காசிம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"நம்ம ஆளு இல்லல்லா?" என்றான். "அப்பம் கவுத்துப் போடு."

ருக்சானா சுத்தியலை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு தளவாய்க்குப் போன் போட்டாள்.